அண்ணியின் மத்தியான ஷிஃப்ட்

எங்கள் நிலையத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். முறைப்படி பார்த்தால் எனக்கு மட்டும்தான் அண்ணி. என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு அது மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. தலை முழுக்க நரைத்த வாட்ச்மேன்கூட "அண்ணி, சாப்டீங்களா?" என்பார். மேனேஜர் மட்டும் கொஞ்ச நாள் "மேடம்" என்று இழுத்துப் பார்த்தார். அவள் திரும்பியே பார்க்காததால் அவரும் அண்ணிக்கு வந்து சேர்ந்தார்.

ஊர் முழுக்கக் கழுவி ஊற்றுகிற தண்ணீர் கடைசியில் எங்களிடம்தான் வரும். அதைச் சுத்தப்படுத்திக் கால்வாயில் விடுவது எங்கள் வேலை. நான் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மருந்து கலந்து, நிறம் பார்த்து, இது போகலாம், இது போகக்கூடாது என்று சொல்கிறவள் நான். எனக்கு வாய் நீளம் என்று எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. இருக்கட்டுமே. நாற்றத்தை நாற்றம் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

வெளியே இருப்பவர்கள் நாங்கள்தான் தண்ணீரைச் சுத்தம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிடையாது. தொட்டியில் இருக்கும் பூச்சிகள் செய்கின்றன, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான பூச்சிகள். அழுக்கைத் தின்று வாழ்கிற ஜீவன்கள். அவற்றுக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும். அந்தக் காற்றைத் தொட்டியின் அடியிலிருந்து ஊதுகிற ராட்சத இயந்திரத்தைத்தான் ப்ளோயர் என்கிறோம். காற்று குறைந்தால் பூச்சி வாடும், தண்ணீர் கெடும். கூடினால் கரண்ட் செலவு எகிறும், மேனேஜர் வாடுவார். கூடாமல் குறையாமல் விடுவது ஒரு கை. அந்தக் கை என் அண்ணனுடையதாக இருந்தது.

அண்ணன் ப்ளோயர் அறையில் வேலையில் இருக்கும்போதே போய்விட்டான். மாரடைப்பு. டீ கொண்டுபோனவர் பார்க்கும்போது பேனலுக்கு முன்னால் தரையில் கிடந்தான். அதற்குமேல் அதைப் பற்றி இப்போது சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவன் வேலையை அண்ணிக்குக் கொடுத்தார்கள். ஐயோ பாவம் என்று கொடுத்த வேலைதான், ஆனால் வந்தவள் ஐயோ பாவம் ரகம் இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நூல் மில்லில் இயந்திரம் பார்த்தவள். மில்லை மூடின பிறகுதான் வீட்டில் உட்கார்ந்தாள். மீட்டர், ஸ்விட்ச், ஷிஃப்ட், சூப்பர்வைசர் சிடுசிடுப்பு எதுவும் அவளுக்குப் புதிதில்லை. அண்ணன் போன பிறகு பேனலைக் கன்ட்ரோல் ரூமுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த ஒரே வாரத்தில், எப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கும் பம்புக்குச் சித்தப்பா என்றும், காரணமே இல்லாமல் அலறுகிற அலாரத்துக்கு மாமியார் என்றும் பெயர் வைத்துவிட்டாள். "சித்தப்பாவுக்கு மூக்கு ஒழுகுது, யாராவது போய்ப் பாருங்க" என்று மைக்கில் சொல்வாள். நிலையமே சிரிக்கும். அவள் மட்டும் சிரிக்க மாட்டாள். முன்பெல்லாம் சிரிப்பாள்.

அதற்கடுத்த வருஷம்தான் மாப்பிள்ளை வந்தார். அந்தப் பெயரும் அவள் வைத்ததே. ஒரு கம்பெனியிலிருந்து கொண்டுவந்து பொருத்திய கம்ப்யூட்டர் அது. எவ்வளவு காற்று விட வேண்டும் என்பதை இனிமேல் அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அதற்கென்று தனி அறை, தனி ஏ.சி., தூசி படக்கூடாது, அதிர்ந்து பேசக்கூடாது. மனுஷர்கள் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்க, அது மட்டும் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தது. "மாப்பிள்ளை இல்லாம வேற என்ன?" என்றாள் அண்ணி.

அதோடு கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, நல்ல மாதிரி, எங்கள் நாற்றத்துக்கு முகம் சுளிக்காத பெண். நிலையத்தில் பல வருஷமாகச் சேர்ந்திருந்த விவரம் முழுவதையும் அந்த இயந்திரத்துக்குள் ஏற்றினாள். எந்த நேரத்தில் எவ்வளவு காற்று விட்டோம், தண்ணீர் எப்படி இருந்தது, வெயிலா மழையா, எல்லாம்.

"இதுக்கு யாரும் உக்காந்து பாடம் எடுக்க வேண்டாம். நீங்க இத்தனை வருஷமா செஞ்சதைப் பார்த்துத் தானா கத்துக்கும். அப்புறம் அதையே இன்னும் கொஞ்சம் சிக்கனமா செய்யும்" என்றாள்.

"எங்களைப் பார்த்தா? உருப்பட்ட மாதிரிதான்" என்றேன்.

ஆனால் உருப்படியாகத்தான் செய்தது. குறை சொல்ல முடியாது. விடியற்காலையில் ஊர் தூங்கும்போது காற்றைக் குறைத்தது, எல்லோரும் குளிக்கிற நேரம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே ஏற்றிவைத்தது. கரண்ட் செலவு இறங்கியது. மேனேஜர் வருகிறவர் போகிறவரையெல்லாம் ஏ.சி. அறைக்கு அழைத்துப்போய்க் காட்டினார், அவரே பெற்று வளர்த்த மாதிரி.

மாப்பிள்ளை வேலையை ஏற்றுக்கொண்ட கொஞ்ச நாளில் அண்ணி ஒரு காரியம் செய்தாள். தனக்கு இனி மாற்றி மாற்றி ஷிஃப்ட் வேண்டாம், நிரந்தரமாக மத்தியான ஷிஃப்ட் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். மத்தியான ஷிஃப்டை எல்லோரும் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும், வீட்டுக்குப் போனால் பாதி சாயங்காலம் போயிருக்கும். "உங்களுக்கென்ன கிறுக்கா?" என்று கேட்டேன். "ஆமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த நாட்களில்தான் எனக்கு அது உறைக்க ஆரம்பித்தது.

எங்கள் நிலையத்தில் ப்ளோயரின் இரைச்சல் எப்போதும் இருக்கும். சுவரில் இருக்கும், மேஜையில் இருக்கும், பல்லில்கூட இருக்கும். என் அறையில் வரிசையாக நிற்கும் கண்ணாடி பாட்டில்கள் நாள் முழுக்க ஒன்றோடொன்று உரசி மெல்லிசாகக் கிணுகிணுக்கும். எங்களுக்கு அது காதில் விழாது. ஒரு நாள் சாப்பாடு முடிந்து டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். திடீரென்று பாட்டில்கள் பேச்சை நிறுத்தின. ப்ளோயர் தணிந்து, தூரத்தில் யாரோ பெருமூச்சு விடுவதுபோல் ஆனது. தொட்டியில் தண்ணீர் சலசலப்பது, வெளியே ஒரு காக்கை, சுவர்க் கடிகாரம் எல்லாம் கேட்டன. என் முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பதாகத் தோன்றியது. சத்தியமாகத் திரும்பிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் பழையபடி ஏறியது.

அடுத்த நாளும் அதே நேரம். அதற்கடுத்த நாளும்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அண்ணன் இருந்த காலத்திலும் இந்த அமைதி உண்டு. அவன் ஷிஃப்டில் இருக்கிற நாளெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ப்ளோயர் தணியும். ஏதோ வேலை விஷயம் என்று நான் கேட்டதே இல்லை. அவன் போன பிறகு அது நின்றுபோயிருக்கிறது, நின்றதையும் நான் கவனிக்கவில்லை. இப்போது அதே அமைதி அதே நேரத்துக்குத் திரும்பி வந்திருந்தது. என் உடம்பெல்லாம் சில்லிட்டது. எந்தப் பேய் பிசாசுக்கும் நான் பயந்தவள் இல்லை. ஆனாலும் சில்லிட்டது.

வாட்ச்மேன் ஒரு நாள் என் அறை வாசலில் நின்று, "அம்மா, தப்பா நினைக்காதீங்க. மத்தியானமானா அண்ணன் வந்துட்டுப் போறாரு" என்றார்.

"காத்து கருப்புன்னு எதையாவது கிளப்பிவிட்டீங்க, நடக்கிறதே வேற" என்று விரட்டினேன். விரட்டிவிட்டு நானும் எழுந்து கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன். அமைதி அப்போதுதான் இறங்கியிருந்தது.

அண்ணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில். அவளுடைய போன் மேஜையில் மல்லாந்து கிடந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை, மீட்டரைப் பார்க்கவில்லை, அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரியவில்லை. ப்ளோயர் மறுபடியும் உறுமி ஏறியது. நெஞ்சு முழுக்க அடைத்துவைத்திருந்த மூச்சை விட்டாள். "அப்பாடா" என்றாள்.

"என்ன அண்ணி?"

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. "ஒண்ணுமில்ல. காத்து ஏறிடுச்சு."

காற்று ஏறினதற்கு யாராவது அப்பாடா என்பார்களா? கேட்க நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

வெயில் ஏற ஏற அந்த அமைதி நீண்டது. முதலில் ஒரு டீ குடிக்கிற நேரம். பிறகு டீ குடித்து, டம்ளரைக் கழுவி, ஊர்க்கதை பேசி முடிக்கிற நேரம். கன்ட்ரோல் ரூமைத் தாண்டும்போதெல்லாம் கண்ணாடி வழியாக அண்ணியைப் பார்ப்பேன். அசையாமல் உட்கார்ந்திருப்பாள், உதடு வெளுத்துப்போயிருக்கும். அதே சமயம் என் பாட்டில்கள் வேறு கதை சொல்ல ஆரம்பித்தன. சாயங்காலம் பிடிக்கிற தண்ணீரில் மருந்தை விட்டால், வெளிறி நிற்க வேண்டியது மஞ்சளாகத் திரும்பியது. அம்மோனியா. பூச்சிகள் மூச்சுத் திணறுகின்றன என்று அர்த்தம். கடைசித் தொட்டியில் அடியில் படிய வேண்டிய சேறு பாளம் பாளமாக மேலே மிதந்தது. அந்தத் தண்ணீர்தான் கால்வாய்க்குப் போகிறது. கால்வாயில்தான் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் குதித்துக் கும்மாளமடிக்கின்றன. கரையோரத் தோட்டக்காரர்கள் அதைத்தான் செடிக்கு இறைக்கிறார்கள்.

மேனேஜர் அறைக்குப் போய் பாட்டிலை அவர் மேஜையில் வைத்தேன். "உங்க மாப்பிள்ளை பூச்சிங்க கழுத்தை நெரிக்குது. வந்து மோந்து பாருங்க."

"ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையாத்தானே இருக்கு?"

"ஸ்கிரீனுக்கு மூக்கு இருக்கா சார்?"

கம்பெனிப் பெண்ணை வரவழைத்தார்கள். கன்ட்ரோல் ரூமில் எல்லோரும் கூடி நின்றோம். அவள் லேப்டாப்பைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கே புரியல" என்றாள். "பழைய விவரத்துல யாரோ ஒருத்தர் மத்தியானம் தவறாம கொஞ்ச நேரம் காத்தைக் குறைச்சிருக்காங்க. பல வருஷமா. தெரிஞ்சவங்க செஞ்சா அதுல காரணம் இருக்கும்னு இது எடுத்துக்கிச்சு. கொஞ்ச நேரம்னா ஒண்ணும் ஆகாது. ஆனா கரண்ட் மிச்சமாகுதேன்னு இது தினமும் இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்குது. கெடுதல் சாயங்காலம்தான் தெரியும், அதுக்குள்ள இது அடுத்த வேலைக்குப் போயிடுது." பிறகு அண்ணியைப் பார்த்தாள். "நீங்கதானே இந்த ஷிஃப்ட்? எதுக்குக் குறைச்சாங்கன்னு ஏதாவது தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அண்ணி. யூனிஃபார்ம் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள். நான் அவளைக் கல்யாணப் பெண்ணாக வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். பொய் சொன்னால் எனக்குத் தெரியாதா?

மறுநாள் அவளுக்கு விடுமுறை. வெயில் உச்சியில் இருக்கும்போது அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை வீடு. மகள் வெளியூரில் படிக்கிறாள், ஹாஸ்டல். கூடத்தில் சீலிங் ஃபேன் அசையாமல் தொங்கியது. அண்ணன் இருந்தபோதே செத்துப்போன ஃபேன் அது. அதை மாற்றச் சொல்லி நான் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. இருவரும் வேர்த்து வழிய உட்கார்ந்தோம்.

"அண்ணி, தொட்டி செத்துக்கிட்டு இருக்கு. கால்வாயில பிள்ளைங்க குதிக்குது. தெரிஞ்சதைச் சொல்லுங்க. எங்கிட்டயாவது சொல்லுங்க."

முந்தானையால் முகத்து வேர்வையைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்.

"உங்க அண்ணன் சாப்பிட்டதும் எனக்கு போன் பண்ணுவாரு. தினமும். பேனலை விட்டு நகரக்கூடாதுன்னு ரூல் இருக்குல்ல, அங்கேயே நின்னுதான் பேசணும். ப்ளோயர் சத்தத்துல என்ன கேக்கும்? 'இரு, இதைக் கொஞ்சம் அடக்கிட்டு வரேன்'னு சொல்வாரு. அந்தச் சத்தம் அப்படியே இறங்கும். இறங்கினதும் அவரு குரல் வரும். 'ம், சொல்லு'ன்னு."

இதற்குத்தானா? எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெண்டாட்டியோடு பேசுவதற்காக ஊர்ச் சாக்கடையையே காத்திருக்க வைத்திருக்கிறான் என் அண்ணன். அந்த இயந்திரம் அதையும் ஒரு பாடமென்று பயபக்தியோடு கற்றுக்கொண்டிருக்கிறது.

"இதைச் சொல்றதுக்கு என்ன அண்ணி? அவன் பேரு கெட்டுடும்னா?"

"அதுவும்தான்" என்றாள். "அது மட்டுமில்ல."

அவள் மேலே தொங்கிய ஃபேனைப் பார்த்தாள்.

"அன்னிக்கும் கூப்பிட்டாரு. சத்தம் இறங்குச்சு. நான் அடுப்புல வெந்து வந்திருந்தேன். எடுத்ததுமே ஃபேனைப் பத்தி ஆரம்பிச்சேன். ஊருக்கெல்லாம் காத்து விடறீங்க, கட்டினவ வேர்த்துச் சாகறா, என்னிக்காவது கண்ணு தெரியுதான்னு. பதிலே இல்ல. கோபம் வந்தா அவரு வாயைத் திறக்க மாட்டாரு, உனக்குத் தெரியாததா? ப்ளோயர் மெதுவா ஓடுற சத்தம் மட்டும் கேக்குது. நானும் வீம்புக்குக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அப்புறம், 'பேச இஷ்டமில்லன்னா எதுக்குக் கூப்பிடறீங்க'ன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டேன். வெச்சுட்டுத் துணி மடிச்சேன். அவரு அங்க கிடக்கறாரு. நான் இங்க துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவள் நிறுத்தவில்லை.

"டீக்காரர் வந்து பார்க்கிறப்போ ப்ளோயர் அடங்கினபடியேதான் இருந்துச்சாம். திரும்ப ஏத்த உங்க அண்ணனால முடியல" என்றாள். "இப்ப தினமும் அடங்குது. அடங்கி, கொஞ்ச நேரம் கழிச்சு ஏறுது பாரு, அப்போ எனக்கு அவரு எழுந்துட்டாருன்னு இருக்கு. விழல. ஒண்ணும் ஆகல. எழுந்து வேலையைப் பார்க்கப் போயிட்டாரு. தினமும் ஒரு தடவை எழுந்துக்கறாரு. அதை நான் எப்படிச் சொல்லி நிறுத்தச் சொல்வேன்?"

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடி அவளை ஓங்கி அறையத் தோன்றியது. என் அண்ணன். ஒரே ஒரு முறை இவள் திரும்பக் கூப்பிட்டிருந்தால், எங்களில் யாருக்காவது சொல்லியிருந்தால், நான் ஓடிப்போய்ப் பார்த்திருப்பேனே. என் அறையிலிருந்து ப்ளோயர் அறை கூப்பிடு தூரம். எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். இன்னொரு டம்ளர் குடித்தேன். அப்புறம் அவன் கோபித்துக்கொள்ளும் விதம் கண்முன் வந்தது. சின்ன வயதில் மிட்டாய்க்குச் சண்டை போட்டாலும் இரண்டு நாள் வாய் திறக்க மாட்டான். கல்லுளிமங்கன். கெஞ்சினாலும் திட்டினாலும் ஒரே மாதிரி முகம். அவன் பேசாமல் இருந்தால் செத்துக்கொண்டிருக்கிறான் என்று உலகத்தில் எவளுக்குத் தோன்றும்?

திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நானா இருந்தா அதுக்கு முன்னாடியே வெச்சிருப்பேன்" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. என் கையைப் பிடித்தாள். அந்த வெயிலிலும் அவள் கை ஜில்லென்று இருந்தது. "இப்பல்லாம் ரொம்ப நேரம் எழுந்துக்க மாட்டேங்கறாரு. நான் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கேன், எழுந்துக்க மாட்டேங்கறாரு. எனக்குப் பயமா இருக்குடி."

அடுத்த நாள் ஷிஃப்டுக்கு வந்ததும் அவளே போய்ச் சொன்னாள். போன் பேசுவதற்காக அண்ணன் காற்றைக் குறைப்பான் என்கிற அளவுக்குத்தான். மேனேஜர் வாயைத் திறக்கப் போனார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"அப்ப அதை அதோட மண்டையிலேருந்து எடுத்துடும்மா" என்றேன் கம்பெனிப் பெண்ணிடம்.

"தனியா எடுக்க வராது. அவர் செஞ்ச மத்ததெல்லாம் இதுக்குள்ள ரொம்ப நல்லா கலந்திருக்கு. இவ்வளவுக்குக் கீழ போகாதேன்னு பூட்டு போடலாம், ஆனா விடியற்காலையில நிஜமாவே குறைக்கணுமே, அதையும் செய்யாது. மத்தியானத்துக்கு மட்டும் பூட்டினா, அந்தக் குறைப்பை முன்னாடியோ பின்னாடியோ நகர்த்திடும்." அவள் அண்ணி பக்கம் திரும்பினாள். "சுலபமான வழி ஒண்ணு இருக்கு. மத்தியானம் இது குறைக்கிறப்போல்லாம் ஷிஃப்டுல இருக்கறவங்க கையால ஏத்திவிடணும். தினமும். மனுஷங்க மறிக்கிறாங்களே, அப்ப இது தப்புன்னு கொஞ்சம் கொஞ்சமா புரிஞ்சுக்கும். அப்புறம் தானா விட்டுடும்."

அண்ணி தலையாட்டினாள். மற்றவர்கள் போன பிறகு என்னிடம் கேட்டாள். "அப்ப தினமும் நான் போனை வெக்கணும். அப்படித்தானே?"

"நீங்க வேண்டாம். ஷிஃப்டை மாத்திக்குங்க. வேற யாராவது செய்யட்டும், இல்ல நான் வந்து செய்யறேன்."

"வேற யாரோ வெக்கறதுக்கு நானே வெக்கறேன்" என்றாள்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு நான் என் பாட்டில்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவளோடு போய் உட்கார்ந்தேன். கம்பெனிப் பெண்ணும் லேப்டாப்போடு இருந்தாள். இரைச்சல் இறங்கியது. மேஜையில் தண்ணீர் டம்ளர் அதிர்வதை நிறுத்தியது. அண்ணி கையை ஸ்விட்ச்மேல் வைத்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது.

"இப்ப ஏத்துங்க அண்ணி" என்றாள் அந்தப் பெண் மெதுவாக.

அண்ணி அவளைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த வெறும் காற்றைப் பார்த்து, சாதாரணமாக, பக்கத்து அறையில் இருப்பவரிடம் பேசுகிற குரலில் கேட்டாள்.

"ஏங்க, உடம்பு ஏதாவது பண்ணுதா? யாரையாவது வரச்சொல்லவா?"

பதிலுக்குக் காத்திருந்தாள். கடிகாரம் மட்டும் சத்தம் போட்டது. கடைசியில், "சரி, வெச்சுடறேன்" என்று ஸ்விட்சை ஏற்றினாள். ப்ளோயர் உறுமியது. கம்பெனிப் பெண் அவசரமாக எழுந்து வெளியே போனாள். அவள் மறுபடி உள்ளே வரும்போது கண் சிவந்திருந்தது.

அதன் பிறகு தினமும் அதுதான் நடந்தது. நான் முடிந்தபோதெல்லாம் போய்க் கதவருகில் நிற்பேன். மேனேஜரிடமும் மற்றவர்களிடமும், அந்த நேரத்தில் அந்தப் பக்கம் தலைகாட்டினால் காலை உடைத்துவிடுவேன் என்று சொல்லிவைத்திருந்தேன். முதல் வாரத்தில் அவளுக்குப் பேச நிறைய நேரம் கிடைத்தது. மகள் பரீட்சையை நன்றாக எழுதியிருக்கிறாளாம் என்று சொன்னாள். சித்தப்பாவுக்கு வாஷர் மாற்றியாகிவிட்டது என்றாள். கரண்டியில் கை சுட்டுக்கொண்டதைச் சொன்னாள். பேசி முடித்து, "வெச்சுடறேன்" என்று ஏற்றிவிடுவாள். ஆனால் மாப்பிள்ளை பாடம் கற்றுக்கொண்டிருந்தார். அடங்குவது குறைந்துகொண்டே வந்தது. மகளைப் பற்றி ஆரம்பிப்பாள், முடிப்பதற்குள் அதுவே ஏறிவிடும். அதற்குப் பிறகு "சாப்டீங்களா?" என்று கேட்கத்தான் நேரம் இருந்தது. அப்புறம் அதற்கும் இல்லை. இரைச்சல் லேசாக ஒரு தடவை தயங்கும். அவள் "வெச்சுடறேன்" என்று மட்டும் சொல்வாள்.

என் சாயங்கால பாட்டில்கள் தெளிந்தன. மஞ்சள் போய்விட்டது. சேறு அடியில் உட்கார்ந்தது. பூச்சிகள் கொழுகொழுவென்று இருந்தன. இத்தனை வருஷ வேலையில் நல்ல ரிசல்ட்டைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது அப்போதுதான். மேனேஜர் வந்து, "பார்த்தீங்களா, எல்லாம் சரியாயிடுச்சு" என்றார். "ஆமா சார், எல்லாம் சரியாயிடுச்சு" என்று சொல்லி அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினேன்.

பிறகு ஒரு மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பாட்டில்கள் கிணுகிணுத்தன. அடங்கும் என்று பார்த்தேன். அடங்கவில்லை. அண்ணன் கூப்பிடுகிற நேரம் வந்தது, போனது. இரைச்சல் ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. எழுந்து போகவா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணி என் அறை வாசலில் வந்து நின்றாள். ஷிஃப்ட் நேரத்தில் அவள் பேனலை விட்டு வந்ததே கிடையாது. கையில் போனை வைத்திருந்தாள். ப்ளோயர் சத்தத்தில் என் காதுக்கு எட்டுவதற்காகக் குரலை உயர்த்திச் சொன்னாள்.

"இன்னிக்கு அவரு கூப்பிடல."

நான் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"நாளைக்கும் கூப்பிட மாட்டாரு, இல்ல?"

"மாட்டான், அண்ணி" என்றேன்.